படத்தில் குடிவந்தவர்

எங்கள் கட்டட முதலாளியை நேரில் பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். அதுதான் அவன் போட்ட முதல்; மற்ற முதலெல்லாம் எங்களுடையது. வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு ஃபோன், சிங்களம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் சரளம். ஒரே பொய்யை மூன்று பாஷையிலும் வேறு வேறு மரியாதையோடு சொல்லுவான். ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த காலத்தில் அவனை ஊரே முதலாளி என்றது. மாத்தளை டவுனுக்கு வெளியே, யட்டவத்த போகிற பக்கம் ஐந்து மாடிப் படத்தோடு ஒரு போர்டு நட்டான், அன்றிலிருந்து டிவலப்பர். நான் நேரில் முதலாளி என்றுதான் கூப்பிட்டேன், நீங்க என்றுதான் பேசினேன். எழுதும்போது அவன் என்றே எழுதுகிறேன். மரியாதையையும் தவணை முறையில் கொடுக்கலாம் என்று அவனிடம்தான் கற்றுக்கொண்டேன். கடைசித் தவணை என்னிடமே இருக்கிறது.

நானும் என் கணவரும் சொந்த வீட்டில் ஒரு நாளும் இருந்ததில்லை. அவர் மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கர். நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளைகள் இல்லை. தோட்டம் கொடுத்த குவார்ட்டர்ஸிலேயே கல்யாணம் முடித்து வந்து, அங்கேயே தலை நரைத்தோம். எந்த லயத்தில் எந்தக் காம்பரா யாருக்கு என்று வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு வீடு ஒதுக்கிக் கொடுத்த மனுஷன், ஓய்வு பெற்ற மாதமே சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியிருந்தது. டவுனில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸை வாடகைக்கு எடுத்தோம். அவருடைய சேமலாப நிதியும் என் பணிக்கொடையும் சேர்ந்து ஒரு ஃப்ளாட்டுக்குக் காணும் என்று தெரிந்தபோது, கல்யாணத்துக்குக்கூட அப்படிச் சிரிக்காதவர் சிரித்தார்.

நாலாம் மாடியைத் தெரிவு செய்தவர் அவர்தான். முன்பக்க ஜன்னலில் நின்றால் எங்கள் தோட்டத்து மலை தெரியும் என்று முதலாளி வரைபடத்தைக் காட்டிச் சொன்னான். வரைபடத்தில் மலையும் இருந்தது, மலைக்கு மேலே ஒரு பறவையும் இருந்தது. லிஃப்ட் இருக்கிறது, ஏறுவது பற்றி யோசிக்கவே வேண்டாம் என்றான். படத்தில் லிஃப்ட்டுக்குள் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு நின்றது.

ஒப்பந்தம் இங்கிலீஷில். வரி வரியாக வாசித்து அவருக்குத் தமிழில் சொன்னவள் நான். அத்திவாரம் போட்டதும் ஒரு பகுதிக் காசு, ஒவ்வொரு மாடிக்கும் சிலேப் போட்டதும் ஒரு பகுதி, சுவர் எழும்பியதும் ஒரு பகுதி. கடைசித் தவணை மட்டும் நாங்கள் குடிபுகும் நாளில். அந்த ஒரு வரிதான் எங்களுக்குக் காவல் என்று இரண்டு பேரும் நினைத்தோம். வேலை முடியாத வீட்டுக்கு யார் குடிபோவார்கள்? முடித்தால் போவோம், போனால் காசு கொடுப்போம். அவ்வளவு சுத்தமான வரி.

மூன்றாவது சிலேப்புக்குக் காசு கட்டிய சமயம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு குழறியது; புத்தி குழறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சமதரையில் தடியை ஊன்றி மெதுவாக நடப்பார். படி மட்டும் முடியாது. அன்றிலிருந்து எங்களுக்கு வீடு என்றாலே லிஃப்ட்தான். மாபிள் எப்படி இருந்தால் என்ன, பைப் எந்தப் பக்கம் திரும்பினால் என்ன. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நானா ஏறிப் போகணும்" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது. "யாரும் என்னைய தூக்கக் கூடாது."

தோட்டத்தில் ஐயா ஐயா என்று எல்லாரும் எழுந்து நின்ற மனுஷன். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் முதலாளியிடம் போய் இதை அப்படியே சொன்னேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. அவனுக்கு அது நினைத்தால் வரும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"ஐயாவுக்காகவே நல்ல லிஃப்டாப் பாத்து ஓடர் பண்ணியிருக்கேன் டீச்சர்" என்றான்.

அதன் பிறகு அந்த லிஃப்ட் செய்த பயணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். முதலில் டொலர் ஏறியது. நாடே எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற காலம், அந்தக் காரணத்தை நானும் ஏற்றுக்கொண்டேன். பிறகு டொலர் இறங்கியது, லிஃப்ட் இறங்கவில்லை. ஹாபரில் கிடக்கிறது என்றான். பிறகு சுங்கத்தில் மாட்டிக்கொண்டது என்றான். பிறகு பாதிச் சாமான் வந்துவிட்டது, மீதி அடுத்த கப்பலில் என்றான்.

"வந்த பாதி எதுங்க முதலாளி?"

"பட்டன் டீச்சர்."

பொய் சொல்லவில்லை. போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு மாடியிலும் சுவரில் பளபளவென்று பட்டன் தகடு பதித்திருந்தான், அதன் மேல் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. பக்கத்தில் கதவு இருக்க வேண்டிய இடத்தில் பலகை அடித்திருந்தது. பலகை இடுக்கால் எட்டிப் பார்த்தால் கீழே குழியில் மழைத் தண்ணீரும் ஒரு பழைய சப்பாத்தும் தெரிந்தன. இவ்வளவு வெட்கமில்லாமல் ஒரு மனுஷனால் எப்படி இருக்க முடியும் என்று அங்கேயே நின்று யோசித்தேன். அதற்கும் ஒரு திறமை வேண்டும்தான்.

இந்த நிலைமையில்தான் பால் காய்ச்சும் பேச்சு வந்தது.

புது வீட்டில் பால் காய்ச்சுவது எங்கள் பக்கம் எல்லாருக்கும் பொது. சிங்களவர்கள் நேகத் என்ற நல்ல நேரம் பார்த்துப் பொங்க வைப்பார்கள். இந்துக்கள் நாள் பார்ப்பார்கள். முதலாம் மாடியை வாங்கியிருந்த ஹாஜியார் வீட்டில் முதலில் யாசீன் ஓதுவார்கள், ஆனால் அடுப்பில் பாலும் இருக்கும். நாங்கள் வேதக்காரர்கள் ஃபாதரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிப்போம், அவர் போன கையோடு நாங்களும் பாலை வைப்போம். பால் பொங்கி வழிந்தால் யாருக்கும் மனம் குளிரும். முதலாளி எங்கள் பேங்க் கணக்கை மட்டும்தான் படித்திருந்தான் என்று நினைத்தேன். அவன் எங்கள் அடுப்பையும் படித்திருந்தான்.

"டீச்சர், வாற மாசத்த விட்டா ஆறு மாசத்துக்கு நல்ல நேகத்தே இல்லங்க" என்று ஃபோனில் சொன்னான். "எல்லாரும் அன்னைக்கே பால் காச்சுறாங்க."

"நாங்க வேதக்காரங்க முதலாளி. எங்களுக்கு நேகத் இல்ல."

"அப்ப உங்களுக்கு எல்லா நாளும் நல்ல நாள்தானே. அன்னைக்கே வாங்க."

இதற்கு என்ன பதில் சொல்வது? வேலை முடியவில்லை, லிஃப்ட் இல்லை, அவரால் ஏற முடியாது என்றேன். பையன்களை வைத்துப் பூப்போல தூக்கிக்கொண்டு போகிறேன் என்றான். வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ஆனால் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவருக்கு ஆசை வந்துவிட்டது. காசு கட்டிக் கட்டி, தன் வீட்டை ஒரு தரமும் கண்ணால் பார்க்காத மனுஷன்.

"ஒருக்கா பாப்போம்" என்றார். "அன்னைக்கு மட்டும் தூக்கட்டும்."

அவர் கேட்டு நான் எப்படி மறுப்பேன்? போனோம்.

கீழே வந்து இறங்கியதும் அவர் தடியை ஊன்றிக்கொண்டு நேராக அந்தப் பட்டன் தகட்டுக்குத்தான் போனார். இடது கையால் உறைக்கு மேலேயே ஒரு தரம் அழுத்தினார். ஒன்றும் எரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்தார். நாலு பையன்கள் தூக்கினார்கள். முதலாளி முன்னால் ஏறிக்கொண்டு "பார்த்து, பார்த்து" என்றான். ஒரு விரலும் வைக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கதிரையை இறக்கி மூச்சு வாங்கினார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பயத்தில் என்று பையன்கள் நினைத்தார்கள். வெட்கத்தில் என்று எனக்குத் தெரியும்.

மேலே குழாயில் தண்ணீர் இல்லை. முகட்டிலிருந்து வயர்கள் தொங்கின. அறைகளுக்குக் கதவு இல்லை, கக்கூசுக்கும் இல்லை. ஆனால் குசினி நடுவில் புது கேஸ் குக்கர், புதுச் சட்டி, பால், வாழையிலையில் பாற்சோறு, ஒரு ஃபோட்டோக்காரர், எல்லாம் தயார். முழுக்க முதலாளியின் செலவு. அந்தக் கட்டடத்தில் அவன் தன் சொந்தக் காசைப் போட்டு நேரத்துக்கு முடித்த ஒரே வேலை அது. ஃபாதர் வந்து தண்ணீர் தெளித்து மந்திரித்தார். திரு இருதய ஆண்டவர் படத்தை மாட்ட முதலாளியின் ஆளே ஆணி அடித்தான். பால் பொங்கியது. நானும் கை தட்டினேன், ஏன் மறைக்க.

அவரை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தோம். மலை தெரிந்தது. எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தை விரலால் காட்டினார். கண் நிறைந்துவிட்டது. கையில் பாற்சோற்றுத் தட்டு, தலைக்கு மேல் ஆண்டவர் படம், பின்னால் மலை. ஃபோட்டோக்காரர் எடுத்தார். என் கணவரை வாழ்க்கையில் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான், அது எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல். கக்கூசும் தண்ணீரும் இல்லாத வீட்டில் எவ்வளவு நேரம் இருப்பது? பகல் சாப்பாட்டுக்கு முன்னமே அதே பையன்கள் அவரைக் கீழே இறக்கினார்கள். இறக்கும்போது ஃபோட்டோக்காரர் மேலே பாற்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை கடைசித் தவணையைக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. நாங்கள் குடிபுகுந்துவிட்டோமாம். அத்தாட்சியாக அந்தப் படத்தின் பிரதி இணைத்திருந்தது.

நான் ஃபோனை எடுத்த எடுப்பில் கத்தினேன். அவன் குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"ஆண்டவர் படம் மாட்டியாச்சு, ஃபாதர் மந்திரிச்சாச்சு, பாலும் பொங்கியாச்சு. இதுக்கு மேல குடிவாறதுக்கு என்ன டீச்சர் இருக்கு?"

"லிஃப்ட் இருக்கு."

"அது வரும்தானே. நீங்க காசக் கட்டுங்க, நான் லிஃப்ட எடுக்கிறேன்."

"நீங்க லிஃப்ட எடுங்க, நான் காசக் கட்டுறேன்."

பால் காய்ச்சுவதும் குடியிருப்பதும் ஒன்று என்று எந்த ஊரில் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஆனால் அதே கடிதம், அதே மாதிரிப் படம், பால் காய்ச்சிய எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பேதமே பார்க்கவில்லை. தேசிய ஒற்றுமை என்று மேடையில் பேசுகிறவர்கள் இவனிடம் வந்து படிக்கலாம்.

வீடு வாங்கிய எங்கள் எல்லாருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதில் அத்தனை பேரும் சிங்கம். கோட்டில் வழக்குப் போடுவோம், போர்டைப் பிடுங்குவோம், ஒரு சதம் கட்டோம் என்று கர்ஜனை. காலையில் ரோஜாப்பூப் படம், இரவில் புரட்சி. முதலாளி ஒவ்வொருவராகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தான். அதோடு சிங்கங்கள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் பேங்குக்குப் போய் வந்தன. குழுவில் மிச்சம் இருந்தது ரோஜாப்பூ மட்டும்தான்.

ஹாஜியார் மட்டும் நேரில் வந்தார். அந்த மரியாதையாவது அவருக்கு இருந்தது. எங்கள் அனெக்ஸ் வாங்குப் பலகையில் உட்கார்ந்து தொப்பியைச் சரி செய்தார்.

"டீச்சர், மத்த எல்லாரும் கட்டியாச்சு. நீங்க ஒரு ஆள் கட்டாததாலதான் லிஃப்ட் வரல்லன்னு மொதலாளி சொல்றார்."

"உங்ககிட்ட போன மாசம் என்ன சொன்னார் ஹாஜியார்? நீங்க கட்டாததாலதான் வரல்லன்னு சொல்லல்லயா?"

"சொன்னார்தான்" என்றார். "ஆனா சண்ட புடிச்சி என்னத்தக் காணப் போறோம்? அல்லாஹ் பாத்துக்குவான்."

அல்லாஹ் பார்ப்பான்தான், நமக்கும் இரண்டு கண் கொடுத்திருக்கிறானே என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஹாஜியார் கெட்டவர் இல்லை. முதலாம் மாடிக்காரருக்கு லிஃப்ட் இல்லாவிட்டால் என்ன, அவ்வளவுதான். அந்த மாதமே கலேவெலயில் முதலாளியின் புது போர்டு எழும்பியது. அதிலும் ஐந்து மாடி, அதிலும் லிஃப்ட்டுக்குள் அதே குடும்பம் சிரித்துக்கொண்டு நின்றது. எங்களிடம் வாங்கிய காசு அங்கே அத்திவாரமாக இறங்குகிறது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் குழுவில் அன்றைக்கும் ரோஜாப்பூ வந்தது.

கோட்டுக்குப் போகுமுன் சமரசம் பேசுகிற மத்தியஸ்த சபைக்கு நான் எழுதிப் போட்டேன். சனிக்கிழமை கூப்பிட்டார்கள். வீடு என் கணவர் பெயரில், அவரும் வர வேண்டும் என்றார்கள். போய்ப் பார்த்தால் சபை கூடும் இடம் ஒரு பாடசாலையின் மேல் மாடி வகுப்பு. நான் படிக்குக் கீழே நின்று ஆத்திரத்தில் அழுதேவிட்டேன். மேலே யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். சபைத் தலைவர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர், ஒரு சிங்கள அம்மா, அவரும் வயதானவர்தான். ஃபைலைத் தூக்கிக்கொண்டு, மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இறங்கி வந்து, மரத்தடியில் வாங்கைப் போடச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். நடக்க முடியாதவரிடம் நடக்க முடிந்தவர்கள் வருவது எவ்வளவு லேசான காரியம் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

முதலாளி படங்களைப் பரப்பினான். கதிரையில் அவர் மேலே வந்து சேரும் படம், ஃபாதர் மந்திரிக்கும் படம், பால் பொங்கும் படம், ஜன்னலோரப் படம். அதிபர் அம்மா ஜன்னலோரப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"லிஃப்ட் போட்டாச்சா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"பட்டன் எல்லாம் செவுத்துல பூட்டியாச்சு மிஸ்" என்றான்.

அப்போது என் கணவர் பேசினார். வாய் கோணி, எச்சில் வழிய, ஆனால் எல்லாருக்கும் விளங்கும்படி. "நான் குடிவரல்ல." ஒரு மூச்சு வாங்கி மறுபடியும் சொன்னார். "நான் இன்னும் குடிவரல்ல."

முதலாளி சபையின் பக்கம் லேசாகச் சாய்ந்து, குரலைத் தணித்து, பரிதாபமாகச் சொன்னான்: "ஐயாவுக்கு இப்ப ஞாபகம் கொஞ்சம் கொறவு மிஸ்."

காசுக்காக அவன் சொன்ன பொய்களை எல்லாம் நான் மறந்துவிடலாம். இதை மறக்க மாட்டேன். அந்த நிமிஷம் அவனை அடிக்க என் கையில் செருப்பு இருந்தது. என் கணவர் இடது கையால் என் சேலையைப் பிடித்துக்கொண்டார்.

சபையில் இருந்த இன்னொருவர் பாதிக் காசை இப்போது கொடுங்கள், மீதியை லிஃப்ட் வந்ததும் கொடுங்கள் என்று சமாதானம் சொன்னார். நியாயத்தைப் பலாப்பழம் மாதிரி நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி கொடுக்க அவருக்கு ஆசை. பாதி லிஃப்ட்டில் பாதி மாடி ஏறலாமா என்று கேட்டேன். அதிபர் அம்மா மட்டும் சிரித்தார். இணக்கம் வரவில்லை என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தார்கள், இனிக் கோட்டுக்குப் போகலாம். லோயரைப் பிடித்தேன். தவணை தவணையாகக் கட்டியவர்களுக்குக் கோட்டும் வழக்கைத் தள்ளித் தள்ளித் தவணைதான் கொடுத்தது.

இரண்டாவது பாரிசவாதம் அவருக்கு அனெக்ஸில் வந்தது. சமதரையில், வாடகை வீட்டில், என் கையில் போனார். கடைசிக் கிழமையில்கூட லிஃப்ட் என்னவாம் என்று கேட்டார். வருதாம் என்றேன். எல்லாரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த அந்த வார்த்தையை நானும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்ததே என்று இன்னும் எனக்கு மனம் ஆறவில்லை.

செத்த வீட்டுக்கு முதலாளி வரவில்லை. மலர்வளையம் அனுப்பியிருந்தான். கோயில் சபை வைத்ததைவிடப் பெரியது, கம்பெனியின் பெயர் மூன்று பாஷையிலும் தங்க எழுத்தில். அதைத் தூக்கிக் கேட்டடியில் வைக்கச் சொன்னேன். இரவு மழையில் எழுத்தெல்லாம் கரைந்து ஒழுகியது.

முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் ஃபோன் வந்தது. குரலில் அதே பாசம்.

"டீச்சர், ஐயாவ நெனச்சா எனக்கே தூக்கமில்ல. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. நீங்க லிஃப்ட் லிஃப்டுன்னு நின்னது ஐயாவுக்காகத்தானே. இப்ப ஐயா இல்லத்தானே. உங்களுக்குப் படி ஏறலாம்தானே. மிச்சக் காசக் கட்டிட்டு நிம்மதியாக் குடிவாங்களேன்."

ஃபோனை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன். பேசியிருந்தால் அழுகைதான் வந்திருக்கும், அதை அவன் கேட்கக் கூடாது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஃபோனைக் காதில் வைத்தேன். அவன் காத்துக்கொண்டுதான் இருந்தான்.

"முதலாளி, அவர் குடிவந்த படம் உங்ககிட்ட இருக்குத்தானே?"

"இருக்கு டீச்சர், பத்திரமா இருக்கு." நான் இறங்கி வருகிறேன் என்று நினைத்து அவன் குரல் மலர்ந்தது.

"அவர் எறங்கிப் போன படம் இருக்கா?"

நான் விடவில்லை.

"இல்லத்தானே. அப்ப உங்க கணக்குப்படி அவர் இன்னும் நாலாம் மாடியிலதான் இருக்கார். படி எறங்க முடியாத மனுசன். யாரும் தூக்கவும் கூடாது. அவர் தானா எறங்கி வாறதுக்கு லிஃப்டப் போடுங்க. அவர் வந்து சொல்லட்டும், நான் காசக் கட்டுறேன்."

ஃபோனை அவன்தான் முதலில் வைத்தான்.